கார்னர்பேக் மகன் கல்லூரி மாறலாமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். மகன் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கார்னர்பேக், அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ஆளை மறித்துக் காவல் காப்பவன். பாதி ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது. போன சீசனில் ஒரு மேட்ச்சின் கடைசி நிமிடத்தில், இவன் காவல் காத்த ஆளே கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் டச் டவுன் போட்டுவிட்டான், அணி தோற்றது. ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். அதிலிருந்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். இப்போது, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துப் பெரிய கல்லூரிக்குப் போகிறேன் என்கிறான். என் கணவரோ, "ஆட்டத்தை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் படிப்பை முடி" என்கிறார். நான் என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த டச் டவுன். உங்கள் மகன் நிற்கும் இடத்தில் ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. எங்கே ஓடப் போகிறோம் என்று எதிரே நிற்கும், பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவருக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. பின்பக்கமாக ஓடிக்கொண்டே அந்த ஆளின் இடுப்பைக் கவனிக்க வேண்டும். தலையையும் தோளையும் ஆட்டி ஏமாற்றலாம், இடுப்பை அப்படி ஆட்டி ஏமாற்றுவது கஷ்டம். அது திரும்பும் கணத்தில் இவனும் திரும்பி முழு வேகம் பிடிக்க வேண்டும். அரை அடி பிந்தினாலும் போச்சு. மற்றவர்களின் தவறு கூட்ட நெரிசலில் மறைந்துவிடும், இவனுடையதை மைதானமே பார்க்கும். அவன் சிறப்பாக ஆடும் நாளிலோ, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் அந்தப் பக்கம் பந்தே எறிய மாட்டார். வர்ணனையில் பெயர்கூட வராது.

மால்கம் பட்லர் என்ற கார்னர்பேக்கைப் பற்றி அவனிடம் பேசுங்கள். வெஸ்ட் அலபாமா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்தவர். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2014 டிராஃப்ட்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அப்புறம்தான் பேட்ரியாட்ஸ் அணி வாய்ப்பு கொடுத்தது. 2015 பிப்ரவரியில் நடந்த லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் கடைசி நிமிடங்களில், அவர் காவல் காத்த ரிசீவர் கீழே விழுந்தபடி, உடம்பில் பட்டுத் துள்ளிய பந்தைப் பிடித்துவிட்டார். பட்லர் மேல் தவறே இல்லை, ஆனாலும் பெஞ்சுக்கு வந்து தலைகுனிந்து உட்கார்ந்தார். அடுத்த சில நொடிகளில் மறுபடி களத்தில். டச் டவுன் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் எதிரணி சீஹாக்ஸ் பந்தை எறிந்தபோது, குறுக்கே பாய்ந்து பிடித்து மேட்ச்சை முடித்து வைத்தார். அதே ஆட்ட முறையில் பயிற்சியின்போது அவர் ஏமாந்திருந்தார். அதனால்தான் இந்த முறை வருவது தெரிந்தது. உங்கள் மகனும் அந்த ஒரு பந்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்காமல், சீசன் முழுவதன் வீடியோவையும் பார்க்கட்டும். தன் பக்கம் எத்தனை முறை எறிந்தார்கள், எத்தனை பிடிபட்டன என்று எண்ணட்டும். அவன் தரம் அந்தக் கணக்கில்தான் தெரியும்.

சரி, போர்ட்டல். 2018இல் வந்த இந்த ஏற்பாட்டில் 2021 முதல், முதல் முறை மாறுகிறவர் ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்கத் தேவையில்லை. 2024க்குப் பிறகு, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். கதவு அகலமாகத்தான் திறந்திருக்கிறது. ஆனால் பெயர் கொடுத்ததுமே இப்போதுள்ள கல்லூரி அடுத்த பருவத்துக்கான ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளலாம், புதிய கல்லூரி எடுத்துக்கொள்ளும் என்ற உறுதியும் கிடையாது. வீரர்களுக்கு வருமானத்தில் பங்கு தரத் தொடங்கிய பெரிய கல்லூரிகளில் 2025 முதல் ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்று வரம்பு வந்துவிட்டது, அங்கே ஓரத்தில் ஓர் இடம் கிடைப்பதுகூட முன்னைவிடக் கடினம். கார்னர்பேக் டிராவிஸ் ஹன்டர் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியிலிருந்து கொலராடோ பல்கலைக்கழகம் போய் 2024இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் டிராஃபி வாங்கினாரே என்பான் உங்கள் மகன். அவர் தன் கோச் டியான் சாண்டர்ஸ் போன இடத்துக்குத்தான் போனார். அவருக்காக அங்கே இடம் காத்திருந்தது. பெஞ்சிலிருந்து கிளம்புகிறவனுக்கு அப்படி யாரும் காத்திருப்பதில்லை.

உங்கள் கணவர் படிப்பைப் பற்றிச் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கல்லூரி ஃபுட்பாலிலிருந்து என்எஃப்எல் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆனால் அதற்காக இப்போதே ஆட்டத்தை விடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் ஆட்டம் படிப்புச் செலவில் பாதியைத் தாங்குகிறது. ரிச்சர்ட் ஷெர்மன் என்ற வீரர் ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராகச் சேர்ந்து, முழங்காலில் அடிபட்டு, அதே கல்லூரியிலேயே கார்னர்பேக்காக மாறியவர். பட்டமும் வாங்கினார், 2011இல் ஐந்தாம் சுற்றில் டிராஃப்ட்டும் ஆனார்.

என் முடிவு இது: இப்போதைக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். அவனே தன் கோச்சிடம் நேரம் கேட்டுப் போய், "எதில் குறைகிறேன்? அடுத்த சீசனில் எனக்கு இடம் உண்டா?" என்று நேராகக் கேட்கட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம், அது அவனுக்கு மரியாதையாக இருக்காது. திருத்திக்கொள்ளக் கூடிய குறை என்றால் இன்னும் ஒரு வருடம் அங்கேயே உழைக்கலாம். இடமில்லை என்று சொல்லிவிட்டால் தாராளமாக மாறட்டும். ஆனால் இதே அளவுள்ள, கார்னர்பேக் தேவைப்படும் கல்லூரிக்கு. அவன் வீடியோ எந்த மட்டத்துக்குப் பொருந்தும் என்று அவனுடைய ஹைஸ்கூல் கோச் ஒளிக்காமல் சொல்வார்.

அப்படி மாறுவதானால், எந்தெந்தப் பாடங்களின் கிரெடிட்டை ஏற்றுக்கொள்வார்கள் என்பதைப் புதிய கல்லூரியிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிரெடிட் குறைந்தால் பட்டம் தள்ளிப்போவதோடு, களத்தில் இறங்கும் தகுதியும் போகலாம். இந்த வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள்.