பத்திரம் சரி, தண்ணீர் எதுவரை வரும்?

கேள்வி: மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு தனி வீடு விலைக்கு வருகிறது. அரை கிரவுண்டு மனை, கட்டி 14 வருடம் ஆகிறது. வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டு வில்லங்கம் ஏதுமில்லை என்கிறார். புதுப் பெயின்ட், நல்ல காற்றோட்டம். இந்த வாரமே அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லித் தரகர் அவசரப்படுத்துகிறார். இரண்டு சிறு பிள்ளைகள், வயதான மாமியாரோடு குடிபோகப் போகிறோம். கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் கொடுக்காதீர்கள், சகோதரி. வக்கீல் பார்த்தது உரிமையை. வெள்ளம் வந்ததா என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. அதை நீங்களேதான் விசாரிக்க வேண்டும்.

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் பக்கத்து வரதராஜபுரத்திலும் வீடுகளின் தரைத்தளம் மூழ்கி, மக்களைப் படகில் மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கம் தண்ணீர் புகுந்தது. ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரி நீர் அந்த வழியாகத்தான் அடையாற்றுக்குப் போகிறது. அதற்காக முடிச்சூரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே நகரில் ஒரு தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், இரண்டு தெரு தள்ளி இடுப்பளவு நிற்கும். நீங்கள் வாங்கப்போவது எந்தத் தெரு என்பதுதான் கேள்வி.

தரகரை விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். இஸ்திரி போடுபவர், மளிகைக் கடைக்காரர், வாடகைக்கு இருப்பவர்கள் ஆகியோரிடம் பேசுங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் மனை விலை இறங்கிவிடுமோ என்று தயங்குவார்கள், அது இயல்புதான். “இங்க தண்ணி வருமா?” என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் கிடைக்கும். “2015-ல எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள்.

புதுப் பெயின்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் பெயின்ட் அடிக்காத இடங்களைப் பாருங்கள்: மாடிப்படிக்குக் கீழே, அலமாரியின் உட்புறம், கதவு நிலையின் அடிப்பாகம். உப்புப் பூத்திருக்கிறதா, மரம் உப்பியிருக்கிறதா? மின்சார மீட்டரைப் பிற்பாடு உயரத்துக்கு மாற்றிய தடம் இருக்கிறதா? அந்தத் தெருவில் புதிதாகக் கட்டுகிற வீடுகள் எல்லாம் தரையை நாலடி உயர்த்திக் கட்டினால், அக்கம்பக்கத்தார் அனுபவப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து, பழைய வீடு பள்ளத்தில் போய்விடும். வீட்டின் தரை இன்று சாலையைவிட எவ்வளவு உயரம் என்பதை டேப் வைத்தே அளந்துவிடுங்கள். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்தச் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.

வக்கீலிடம் இன்னொரு வேலையும் கொடுங்கள். உங்கள் மனையின் சர்வே எண்ணோடு, அதைச் சுற்றியுள்ள சர்வே எண்களுக்கும் நிலம் எந்த வகை என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும், அதன் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். உங்கள் மனைக்குப் பட்டா சுத்தமாக இருக்கலாம். ஆனால் பின்பக்கத்து எண் ஓடை அல்லது வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால், பெருமழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும்.

பாதாளச் சாக்கடை இணைப்பா, செப்டிக் டேங்கா என்றும் கேளுங்கள். டேங்க் என்றால் தெருவில் தண்ணீர் நிற்கும் நாட்களில் கழிவறையை உபயோகிக்க முடியாமல் போகலாம். மாமியாருக்கு அது பெரிய அவஸ்தை. மே மாதத்தில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கட்டும். ஒரு கனமழை பெய்த மறுநாள் காலையில் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். தண்ணீர் வீட்டுத் தரைக்குக் கீழேயே நின்று, மாடியில் தங்க ஓர் அறையும் இருந்தால், விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். 2015-ல் கூடத்துக்குள் தண்ணீர் நின்ற வீடு என்றால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம்.