"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்" என்கிறார்களே, காத்திருக்கலாமா? - ஆட்டிசம் பற்றிய கேள்விகள்

மூளை வளர்ச்சியில் வரும் ஒரு வேறுபாடான ஆட்டிசம் பற்றி, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பெற்றோர் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. சிறப்புக் கல்வி வகுப்பில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

டீச்சர், என் மகனுக்கு இரண்டரை வயது. இன்னும் 'அம்மா' வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் முகம் பார்க்காமல் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஐஸ்பெட்டி மேல் வைக்கிறான். "அவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

வேண்டாம்மா. பேச்சு தாமதம் மட்டும் என்றால் நானும் இவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன். நீங்கள் சொன்ன அந்தக் கைதான் முக்கியமான விஷயம். பேச்சு மட்டும் தாமதமான பிள்ளை விரலை நீட்டிக் காட்டும், உங்கள் முகத்தைப் பார்க்கும், புரியவில்லை என்றால் வேறு மாதிரி முயற்சி செய்யும். உங்கள் மகன் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் எடுத்துப் போகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வானத்தில் விமானம் போனால் "பாரு" என்று உங்களுக்குக் காட்டுகிறானா? பொம்மைக்குச் சோறு ஊட்டி விளையாடுகிறானா? இவற்றையும் கவனியுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வித்தாள் தருவார்கள். வரிசையில் நிற்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். மூன்று வயது வரை காத்திராமல் இப்போதே போய், நிதானமாக நிரப்பி, மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) பேசுங்கள். காதுப் பரிசோதனையும் கேளுங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். அவன் மைலோ கேட்டு கையை இழுத்தால், உட்கார்ந்து அவன் கண் மட்டத்துக்கு வாருங்கள். குவளையை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "மைலோ" என்று ஒரே சொல் சொல்லுங்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்துதான் கஷ்டம், நமக்கு வாய் சும்மா இருக்காது. அவன் ஒரு பார்வை பார்த்தாலும், ஒரு சத்தம் போட்டாலும் உடனே கொடுத்துவிடுங்கள். அழ வைத்துச் சொல்லவைக்கிற வேலை வேண்டாம். நாளைக்கே ஆட்டிசம் இல்லை என்று டாக்டர் சொன்னாலும் இதில் நஷ்டமில்லை.

கர்ப்பத்தில் கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வந்தது என்கிறார் நாத்தனார். தடுப்பூசியால் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போன் பார்த்ததால் என்கிறார் கணவர்.

மூன்றும் இல்லை. ஆட்டிசத்துக்குப் பெரும்பங்கு மரபணு. ஊசிக் கதை 1998-இல் லண்டனிலிருந்து வந்த, வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2010-இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே அதை வாபஸ் வாங்கியது, எழுதிய டாக்டரின் பெயரும் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பிறகு டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்விலும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. இங்கே தட்டம்மை ஊசி போடுவது 9, 12 மாதங்களில். அறிகுறிகள் கண்ணில் படத் தொடங்குவதும் அதையொட்டித்தான். அதனால் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

போனைக் குறையுங்கள். அது ஆட்டிசத்தைக் கொண்டுவந்தது என்பதற்காக அல்ல, உங்களோடு இருக்கும் நேரத்தைத் தின்கிறது என்பதற்காக. நாத்தனாருக்கு ஒரு செய்தி: தாய்க்குப் பாசம் போதாததால்தான் வருகிறது என்று ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களே சொன்னார்கள். 1977-இல் வந்த இரட்டையர் ஆய்வு மரபணுவைக் காட்டியபிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. தாயைக் குற்றம் சொல்கிற பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை.

வீட்டில் தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்கிறார்கள். தாத்தா பாட்டிக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது.

யார் சொன்னது என்று கேட்க மாட்டேன், பலரும் சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒரே மொழி என்று முடிவெடுத்த வீடுகளில் நடப்பது என்னவென்றால், அம்மா தெரிந்த நாலு இங்கிலீஷ் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார், தாத்தா வாயே திறக்க மாட்டார். பிள்ளையின் காதில் விழும் பேச்சு பாதியாகிவிடும். உங்களுக்கு எதில் கொஞ்ச வருமோ, திட்ட வருமோ, கதை சொல்ல வருமோ அதில் பேசுங்கள். மலாயைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். சில தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்பு உண்டு, மாவட்டக் கல்வி இலாகாவில் விசாரியுங்கள்.

வேண்டியதைக் கேட்கப் பட அட்டை காட்டிப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். போகாது. கேட்க ஒரு வழி கிடைத்த பிள்ளைக்குக் கத்தும் தேவை குறையும்.

கோயில் திருவிழாவில் உறுமி மேளம் ஆரம்பித்ததும் தரையில் விழுந்து கத்துகிறான். "ரெண்டு போடு, சரியாயிடும்" என்கிறார்கள்.

அடிக்காதீர்கள். அடம் வேறு, இது வேறு. அடம் பிடிக்கிற பிள்ளை நடுநடுவே நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். உங்கள் மகனுக்கு உறுமி, சாம்பிராணிப் புகை, கூட்டம், மேலே உரசும் வேட்டி எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இறங்குகிறது. அந்த நேரத்தில் நீங்கள் பேசுகிற பேச்சும் இன்னொரு சத்தம்தான். தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், பேசாமல் பக்கத்தில் இருங்கள்.

முதல் நாளே கூட்டமில்லாத நேரத்தில் கோயிலைச் சுற்றிக் காட்டுங்கள். தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின்காரர் போடுகிறாரே காது மூடி, அது ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், சின்ன அளவாகப் பார்த்து வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். திருவிழாவன்று வாசலோரம் நில்லுங்கள், முகம் மாறத் தொடங்கும்போதே கிளம்பிவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொள்வது பின்னால் நிற்கும் அக்காதான்.

கதவு திறந்திருந்தால் ஓடிவிடுகிறான்.

இதை இன்றைக்கே கவனியுங்கள். பல ஆட்டிசப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். நம் பக்கம் பழைய ஈயக் குட்டைகளும் செம்பனைக் காட்டு வாய்க்கால்களும் இருக்கின்றன. காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள், அப்புறம்தான் கடைத்தெரு. எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள், ஆனால் தீப்பிடித்தால் பெரியவர்கள் சட்டென்று திறக்கும்படி இருக்கட்டும். சட்டை உள்பக்கம் போன் நம்பர் எழுதுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் மூலைக் கடைக்காரரிடமும் பையனின் படத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள். வெட்கப்படுகிற விஷயமில்லை. நீச்சலும் கற்றுக்கொடுங்கள்.

ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தால் முத்திரை குத்தியது போல் ஆகிவிடாதா?

கார்டு இல்லாவிட்டால் ஊருக்குத் தெரியாதா என்ன? பதிவது உங்கள் விருப்பம், காசு கிடையாது. டாக்டர் உறுதிப்படுத்திய பாரத்தோடு சமூகநல இலாகாவில் கொடுக்க வேண்டும். ஆட்டிசம் 'கற்றல் குறைபாடு' பிரிவில் வரும். அரசாங்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி மாணவராகச் சேர்ந்தால் மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை உண்டு. முதலில் மூன்று மாதம் வரை வகுப்பில் வைத்துப் பார்ப்பார்கள். "இந்தப் பிள்ளை எங்களுக்கு வேண்டாம்" என்று யாராவது திருப்பி அனுப்பினால், 2019-இல் வந்த யாரையும் நிராகரிக்காத கொள்கையைச் சொல்லி மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்கிறார்களே?

ஆட்டிசத்தைப் போக்க மருந்து இல்லை. நகையை அடகு வைக்காதீர்கள். தூக்கமின்மைக்கோ கடுமையான ஆத்திரத்துக்கோ டாக்டர் மருந்து தரலாம், அது வேறு விஷயம்.

மகனுக்கு 16 வயது. எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

அண்ணே, பள்ளி முடிந்ததும் வீட்டில் உட்காரவைத்துவிடாதீர்கள். சமூகநல இலாகாவின் பிடிகே எனும் சமூக மறுவாழ்வு மையங்களில் பயிற்சி உண்டு, பள்ளியில் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். பெயர் எழுதத் தெரியுமா என்பதைவிட, குளித்துச் சட்டை மாற்றத் தெரியுமா, ரைஸ் குக்கரில் தண்ணீர் அளந்து ஊற்றத் தெரியுமா, கடையில் ஐந்து வெள்ளி கொடுத்து மிச்சம் வாங்கத் தெரியுமா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதையும் படி படியாகப் பிரித்து. முதலில் அளவுக் கோடு வரை தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவன் வேலை, மற்றதெல்லாம் உங்களுடையது. அது கைவந்தபின் பொத்தானை அமுக்குவது.

அப்புறம், தங்கச்சியிடம் "நீதான் அண்ணனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அவளுக்குப் பரீட்சை வருகிறது.