கொடியசைக்க ஆள் வரும் வரை

அன்புள்ள சார்,

எனக்கு 44 வயது. தக்கலையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் நடக்க ஆரம்பித்து, அப்படியே ஓட்டத்துக்கு வந்தேன். விடியற்காலையில் பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டி ஓடுவேன். 10 கிலோமீட்டர் ஓட எனக்கு 80 நிமிடம் ஆகும்.

போன மாசியில் நம் மாவட்டத்தில் நடந்த ஒரு 10 கி.மீ. போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். 5:30 என்று போட்டிருந்தார்கள். கொடி அசைந்தது 6:50க்கு. ஏழு கிலோமீட்டர் ஓடியதும் தலை கிறுகிறுத்தது. நடந்தேன். தண்ணீர் மேசையைக் காணவில்லை. பஸ்ஸும் டெம்போவும் இடித்துவிடுகிற மாதிரி போயின. ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டேன். மெடலை முந்தின நாளே டீ ஷர்ட்டோடு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் மகள் அதை என் கழுத்தில் மாட்டி, போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். நான் வாய் திறக்கவில்லை.

அந்த மெடலைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா? வெளியூர் அகாடமிப் பையன்கள் வந்து பரிசை எல்லாம் அள்ளிக்கொண்டு போவது நியாயமா? நல்ல ஷூ எது என்றும் சொல்லுங்கள்.

எம்., தக்கலை

அன்புள்ள எம்.,

ஷூவுக்குக் கடைசியில் வருகிறேன். வயதை விடுங்கள், 44 ஒரு வயதே இல்லை.

வெளியூர்ப் பையன்களைப் பற்றி எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டு குழாயில் முகம் கழுவிக்கொண்டு நேராக வந்து நிற்கிறவர்கள் அவர்கள். பரிசுப் பணம் அவர்களுக்குப் பாலும் முட்டையும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு போலீஸ் வேலையோ ரயில்வே வேலையோ கிடைத்துவிடாதா என்று ஓடுகிறார்கள். சொந்தக் கடை வைத்திருக்கிற நீங்கள் அவர்களிடம் போய்க் கணக்குக் கேட்கக் கூடாது. இந்தப் பேச்சு இத்தோடு போதும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்விகளுக்காக அல்ல, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்காக. 5:30 என்றார்கள், 6:50க்குக் கொடி அசைந்தது. ரொம்ப நாளாக என் மனதில் கிடக்கிற விஷயம் இது. நீங்களோ அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு மழை பெய்தது என்பதுபோலச் சொல்லிவிட்டு, உடனே உங்கள் வயதைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 5:30க்குத் தொடங்கியிருந்தால், 80 நிமிடத்தில், அதாவது 6:50க்கு நீங்கள் முடித்திருப்பீர்கள். நீங்கள் ஓடி முடித்து வாழைப்பழம் உரிக்க வேண்டிய நேரத்தில்தான் போட்டியே தொடங்கியிருக்கிறது! முதலில் வந்த பையனுக்கு 35 நிமிடம் ஆகியிருக்கும். அவன் ஏழரைக்குள் முடித்து நிழலில் போய் உட்கார்ந்துவிட்டான். நீங்கள் எட்டேகால் வரை தார் ரோட்டில் வெயிலில் கிடந்தாக வேண்டும். தாமதம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மேடையில் இருக்கிறவர்களுக்குத் தோன்றும். அதன் முழு விலையையும் கொடுப்பது மெதுவாக ஓடுகிறவர்தான். வயதானவர், கனத்த உடம்புக்காரர், பிள்ளை பெற்றபின் முதல்முறையாக ஓட வந்த பெண், உங்களைப்போல டாக்டர் சொல்லி வந்தவர்.

நம் ஊரில் இது இன்னும் மோசம். ஓடும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூடு வெளியேற வேர்வை காய வேண்டும். சொட்டுகிற வேர்வை உடம்பைக் குளிர்விக்காது, காய்கிற வேர்வைதான் குளிர்விக்கும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அது லேசில் காயாது. ஆடி மாதம் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓடிப் பாருங்கள். போகும்போது காற்று முதுகில் தள்ளும், சுகமாக இருக்கும், ஆனால் உடம்பு கொதிக்கும். நம்மோடு சேர்ந்தே வருகிற காற்று வேர்வையை எடுத்துப்போவதில்லை. திரும்பி எதிர்க்காற்றில் வரும்போது கால் கெஞ்சும், உடம்போ குளிர்ந்துவிடும். மாசி பங்குனியில் அந்தக் காற்றும் இல்லை. காற்று அசையாத ஈரக் காலையில் தலைக்குமேல் வெயிலும் ஏறினால், வேர்வைக்குப் போக வழியே இல்லை. உங்கள் தலை கிறுகிறுத்தது பெரும்பாலும் அதனால்தான் இருக்கும். அப்போது நிறுத்தியது ரொம்பச் சரி. அதற்காக ஒரு நாளும் வெட்கப்படாதீர்கள்.

இதை உலகம் எப்போதோ தெரிந்துகொண்டது. 1904-ல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானைப் பிற்பகல் வெயிலில், புழுதி ரோட்டில் வைத்தார்கள். வழியில் தண்ணீர் கிட்டத்தட்டக் கிடையாது. ஓடத் தொடங்கியவர்கள் 32 பேர், முடித்தவர்கள் 14 பேர். 2019 தோஹா உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் ஆரம்பித்தும், 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானையே வெயிலுக்குப் பயந்து வடக்கே சப்போரோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் வெயில் என்றதும், பெண்கள் ஓட்டத்தை முந்தின நாள் இரவு முடிவெடுத்து ஏழு மணியிலிருந்து ஆறு மணிக்கு மாற்றினார்கள். உலகத்திலேயே நன்றாக ஓடுகிற பெண்களுக்காக ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்தார்கள். நாம் தக்கலைக் கடைக்காரரை ஒன்றே கால் மணி நேரத்துக்குமேல் பின்னால் தள்ளுகிறோம். எதற்கு? கொடியசைக்க வேண்டியவர் இன்னும் வந்து சேரவில்லை என்பதற்கு. அவர் வந்தபிறகு பொன்னாடை, அதன்பின் வரவேற்புரை, அதன்பின் வாழ்த்துரை.

தண்ணீர் மேசை ஏன் காணாமல் போனது என்பதும் இதே கதைதான். சில வருடங்களுக்கு முன் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு ஊரில் நடந்த போட்டியில் தண்ணீர் கொடுக்கிற வேலைக்கு நான் போயிருந்தேன். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஏறி இறங்குகிற ரோடு. அன்றைக்கும் கொடியசைப்பவர் தாமதம். எங்களோடு நின்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அஞ்சு மணிக்கே வந்தவர்கள். ஏழரை ஆனதும் டியூஷன் என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போலீஸ்காரர்களுக்குப் பள்ளி வாசலில் டியூட்டி, அவர்களும் போனார்கள். ரோட்டுக்கு வாங்கிய அனுமதி நேரம் முடிந்தது, பஸ் விட்டாயிற்று. முன்னால் ஓடுகிறவர்கள் கடந்ததும் போன் வந்தது. “எல்லாரும் போயாச்சு, மேசையை மடக்குங்க.” எல்லாரும் போகவில்லை. எனக்கு எதிரே மேட்டில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆள் இருந்தது. முடியாது என்று போனிலேயே சண்டை போட்டேன். அவர்கள் டெம்போவை அனுப்பி மேசையையும் டிரம்மையும் தூக்கிப்போனார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரும், ஒரு செம்பில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் கொண்டுவந்து மதில்மேல் வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர் கூச்சப்பட்டு வேண்டாம் என்றார். “குடி, மக்களே, பதுக்கப் போனாப் போதும்” என்றார் அந்த அம்மா (மெதுவாகப் போனால் போதும் என்று அர்த்தம்). கடைசி ஆள் வரும்வரை அவரும் நானும் நின்றோம். அன்றைக்குப் போட்டியைச் சரியாக நடத்தியவர் அவர் ஒருவர்தான். மேடையில் பொன்னாடை வாங்கியவர்களில் ஒருவர்கூட அந்த ரோட்டுக்கு வரவில்லை.

வழியில் போலீஸ் இல்லை, தண்ணீர் இல்லை, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் உங்களை ஓட விட்டுவிட்டு, நீங்கள் பாதியில் நின்றால் தப்பு உங்கள்மேல் என்று உங்களையே நம்ப வைத்திருக்கிறார்கள். மாரத்தான் நடத்துகிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கேளுங்கள். கொடியை அந்த ஊர்த் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள், அவர் நாலு மணிக்கே ரோட்டில் இருப்பார். விருந்தினர் பரிசளிப்புக்கு வரட்டும், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வரட்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வண்டி வர வேண்டும், அது கடந்தபிறகுதான் மேசையை மடக்க வேண்டும். இதற்கெல்லாம் தனியாகச் செலவு ஒன்றும் இல்லை.

மெடலுக்கு வருகிறேன். ஓடுவதற்கு முன்பே மெடல் கொடுப்பது நடத்துகிறவர்களின் சோம்பல், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் மகளிடம் வாயை மூடிக்கொண்டு நின்றீர்களே, அது உங்கள் பொறுப்பு. அங்கே எந்த வெயிலும் உங்களைத் தடுக்கவில்லை. மேலே சொன்ன 1904 ஒலிம்பிக் மாரத்தானில் பிரெட் லார்ஸ் என்பவர் பாதி வழியில் கார் ஏறி, கடைசியில் இறங்கி ஓடி, முதலாவதாக உள்ளே வந்தார். கூட்டம் கைதட்டியது. பிறகு குட்டு உடைந்து விலக்கினார்கள். அதே ஆள் அடுத்த வருடம் பாஸ்டன் மாரத்தானை ஒழுங்காக ஓடி ஜெயித்தார். நீங்கள் ஜெயிக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்ததும் பிள்ளையிடம் நடந்ததைச் சொல்லுங்கள். தலை கிறுகிறுத்தது, டீக்கடை, ஆட்டோ, எல்லாவற்றையும். குரூப்பில் என்ன போடுவது என்று அவள் பார்த்துக்கொள்வாள்.

அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுமுன் போன் பண்ணி, கொடி எத்தனை மணிக்கு, அசைப்பது யார், கடைசி தண்ணீர் மேசையை எப்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அந்தப் போட்டிக்குப் போகாதீர்கள், கோட்டைச் சுவரை ஒட்டியே ஓடுங்கள். ஓடும்போது மறுபடி கிறுகிறுத்தால் டாக்டரைப் பாருங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் பருத்திருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். புது ஷூவை முதல்முறையாகப் போட்டிக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.