எல்ஃப் மொழியில் தொலைபேசிக்கு என்ன பெயர்?

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன், தன் கதைகளில் வரும் எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்காக உருவாக்கிய மொழிகளில் இன்றைக்கும் யாராவது எழுதுகிறார்களா என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எழுதுகிறார்கள், ஆனால் அதில் டோல்கீன் எழுதாத, ரசிகர்களே சேர்த்த சொற்களும் கலந்திருக்கும் என்று சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை கடிதங்கள். சிலருக்கு ஆர்வம், சிலருக்குக் கோபம். இந்த வாரம் முழுக்க அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

டோல்கீன் 1973இலேயே இறந்துவிட்டார். அப்புறம் ஒருவர் புதுச் சொல் போட்டு அதை எல்ஃப் மொழி என்று சொன்னால் அது ஏமாற்று இல்லையா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதற்கு வருகிறேன். முதலில் அவர் எதை விட்டுவிட்டுப் போனார் என்று பாருங்கள்.

ஓர் அகராதி, ஓர் இலக்கணம் என்று எழுதி முடித்து அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர் இல்லை அவர். 1915 வாக்கில் க்வென்யா என்ற எல்ஃப் மொழிக்குச் சொற்பட்டியல் போட ஆரம்பித்து, வாழ்நாள் முழுக்க அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். பின்னிஷ் மொழியின் ஓசை பிடித்துப்போய் க்வென்யாவையும், வெல்ஷ் சாயலில் சிண்டரினையும் வளர்த்தார். இந்த இரண்டும் ஒரே பழைய மொழியிலிருந்து எப்படிப் பிரிந்தன, எந்த ஒலி எங்கே திரிந்தது என்பதில்தான் அவருக்கு உயிர். கடைக்குப் போய் உப்பு வாங்குவதற்கு என்ன சொல்வது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அவருடைய வேர்ச்சொல் பட்டியலையே மகன் கிறிஸ்டோபர் 1987இல்தான் ஒரு தொகுதியில் வெளியிட்டார். மிச்சக் குறிப்புகளை ஆய்வாளர்கள் சிறு பத்திரிகைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டு வந்திருக்கிறார்கள். நட்சத்திரத்துக்கு ஒன்றுக்கு மேல் சொல் கிடைக்கும், ஆனால் நண்பருக்கு நாலு வரி எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவீர்கள்.

தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். கதை படித்தவர்களுக்கு ‘பலன்டீர்’ தெரியும், தூரத்தில் நடப்பதைக் காட்டும் கல். அதில் ‘பலன்’ தூரத்தைக் குறிக்கும், ‘டிர்’ என்றால் பார்ப்பது. பேசுவதற்கு ‘க்வெட்’ என்ற வினையடி இருக்கிறது. ‘பலன்’ கூட ‘க்வெட்’டை ஒட்டினால் தொலைபேசி வந்துவிடும் என்று தோன்றும். அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது. ‘பலன்’ எங்கிருந்து வந்தது என்று வேர்ப்பட்டியலில் தேடினால், பரந்து விரிதல் என்ற பொருளுள்ள ‘பல்’ கிடைக்கும். அதாவது ஒரு திசையில் நீளும் தூரம் மட்டும் இல்லை, நாலா பக்கமும் விரிந்த தூரம். எங்கெங்கோ நடப்பதைக் காட்டும் கல்லுக்கு அது பொருந்தும். ஒரே ஒருவரிடம் பேசும் கருவிக்குப் பொருந்துமா? வானொலிக்குத்தான் இது சரியான சொல் என்று ஒருவர் வாதாடினால் அதிலும் நியாயம் இருக்கிறது.

சரி, வேரை முடிவு செய்தாயிற்று என்றால் ஓசை விதி காத்திருக்கும். க்வென்யாச் சொல் உயிரெழுத்தில் முடியலாம், அல்லது ன், ர், ல், ஸ், ட் மாதிரி ஒருசில மெய்களில் முடியலாம், வேறு மெய்யில் முடிய விடமாட்டார். நாம் சங்கு, அம்பு என்று சொல்லும்போது மெல்லினத்துக்குப் பின்னால் ககரமும் பகரமும் குழைந்து ஒலிக்கின்றன அல்லவா, அந்த ஒலிகள் க்வென்யாவிலும் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தில்தான் வரும், சொல்லின் முதலில் வராது. தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் க்வென்யா கொஞ்சம் நெருங்கி வருவது போல இருக்கும். இத்தனையும் பார்த்து ஒரு சொல்லை உருவாக்குகிறவரை ஏமாற்றுக்காரர் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் அவர் செய்தது இன்னொருவருடைய மொழியில் ஒரு ஊகம். அதை ஊகம் என்று சொல்லிவிட வேண்டும், இதுதான் நான் சொன்ன நிபந்தனை. வரலாற்று மொழியியலில், எழுத்தில் கிடைக்காமல் ஆய்வாளரே மீட்டெடுத்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். எல்ஃப் மொழிக்காரர்களிடமும் அந்தப் பழக்கம் உண்டு. சொந்தச் சரக்கை டோல்கீன் பெயரில் விற்கும்போதுதான் அது ஏமாற்று ஆகிறது. கார்ல் ஹோஸ்டெட்டர் என்ற ஆய்வாளர் 2006இல் வெளியான கட்டுரையில் இதைக் கடுமையாகவே கேட்டார்: டோல்கீன் வேறு வேறு காலத்தில் எழுதி, சிலவற்றைத் தானே கைவிட்ட வடிவங்களையெல்லாம் சேர்த்துப் பிசைந்து ஒரே மொழி என்று சொல்வது எப்படிச் சரி என்று. அந்தக் கண்டனம் நியாயமானது. 1930களின் சொல்லையும் 1960களின் விகுதியையும் ஒட்டுகிறவர் அதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்காக யாரும் எழுதவே கூடாது என்று சொன்னால் மிஞ்சுவது அலமாரியில் இருக்கும் குறிப்புகள் மட்டும்தான். அதை நான் ஏற்கவில்லை.

கிளிங்கான் ரசிகர்கள் மட்டும் சொந்தமாக ஒரு சொல்கூட உருவாக்க மாட்டார்களாமே?
(வங்கி ஊழியர், மதுரை)

ஆமாம், அவர்கள் கட்டுப்பாடு அப்படி. ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதையில் வரும் வேற்றுக்கிரக இனம் கிளிங்கான், 1984இல் வந்த படத்துக்காக அவர்கள் மொழியை உருவாக்கியவர் மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர். 1979இல் வந்த முதல் படத்தில் நடிகர் ஜேம்ஸ் டூஹன் போட்டுக் கொடுத்த சில வசனங்கள் இருந்தன, அவற்றை விட்டுவிடாமல் அதன் மேலேயே கட்டினார். மனித மொழிகளில் மிக அரிதான சொல் வரிசையைத் தேர்ந்தெடுத்தார்: முதலில் செயப்படுபொருள், அப்புறம் வினை, கடைசியில் எழுவாய். 1985இல் அகராதி வந்தது. 1992இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஷோன் என்பவர் கிளிங்கான் மொழிக் கழகத்தைத் தொடங்கினார். அங்கே ஓக்ராண்ட் கொடுத்த சொல்தான் சொல். வேண்டிய சொற்களைப் பட்டியல் போட்டு அவரிடம் நீட்டுவார்கள், அவர் புதுச் சொற்களை வருடாந்தரக் கூட்டத்தில் வெளியிடுவார். அப்போதும் தானே உருவாக்கியதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். மூன்றாவது படத்தில் சிறைபிடிக்கப்படும் மால்ட்ஸ் என்ற கிளிங்கான் பாத்திரத்திடம் கேட்டுச் சொல்வதாகத்தான் சொல்வார். எனக்கு இது மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அந்த மொழி தன்னைவிடப் பெரியது என்ற மரியாதை அதில் இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டே ரசிகர்கள் ஹாம்லெட் நாடகம் முழுவதையும் மொழிபெயர்த்து 1996இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். சொல் இல்லாத இடத்தில் இருக்கிற சொற்களை வைத்துச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். அந்த நாடகத்தின் புகழ்பெற்ற ‘இருப்பதா, இல்லாமல் போவதா’ வரிக்கு ஒரு கதை உண்டு. ‘இரு’ என்ற வினையே வேண்டாம் என்று ஓக்ராண்ட் ஆரம்பத்திலேயே விட்டிருந்தார். 1991இல் வந்த ஆறாவது படத்துக்கு அந்த வரி தேவைப்பட்டது. ‘வாழ்வதா’ என்ற பொருளில் ஒன்று கொடுத்தார். நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மருக்கு அதன் ஓசை பிடிக்கவில்லை. ஓக்ராண்ட் ‘தொடர்வதா’ என்ற பொருளில் ‘தாஹ் பாஹ் தாஹ்பெ’ என்று மாற்றினார், அதுவே நிலைத்துவிட்டது. நடிகர்கள் தவறாக உச்சரித்ததையும் சில இடங்களில் அவர் மொழிக்குள் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதிகாரபூர்வம் என்று நாம் கையெடுத்துக் கும்பிடுவதும் இப்படி ஆள் ஆளாகச் சேர்ந்து உருவானதுதான்.

கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கும்வரை இந்த ஏற்பாட்டைவிட நல்லது இல்லை. எந்த ஊர் ரசிகரும் எந்த ஊர் ரசிகரிடமும் பேசினால் புரியும். ஆனால் கேட்க ஆள் இல்லாத காலம் ஒன்று வரும். அன்றைக்கு யார் சொல் கொடுப்பது என்பதை இப்போதே உட்கார்ந்து பேசி வைப்பது நல்லது என்பது என் எண்ணம்.

ரசிகர் முன்வைத்த சொல் அதிகாரபூர்வ அகராதிக்குள் போனதுண்டா?
(வாசகர், தஞ்சாவூர்)

உண்டு. அவதார் படத்தில் வரும் வேற்றுக்கிரக இனத்தின் மொழியான நாவியில் அது முறையான வேலையாகவே நடந்தது. அந்தப் படம் 2009 டிசம்பரில் வந்தபோது பால் ஃப்ரோமர் உருவாக்கியிருந்தது ஏறக்குறைய ஆயிரம் சொற்கள். காடு, வேட்டை, பறக்கும் விலங்கு என்று படத்துக்கு வேண்டியவை. படம் வந்த கையோடு உலகம் முழுக்க ஆட்கள் அதைக் கற்க உட்கார்ந்துவிட்டார்கள், ஆனால் கையில் பாடப்புத்தகம் கிடையாது. கிடைத்த வசனங்களையும் சொற்பட்டியல்களையும் பிரித்துப் பார்த்து இலக்கணத்தைத் தாங்களே தொகுத்தார்கள். ஃப்ரோமரும் அவர்களோடு பேச ஆரம்பித்தார். சொற்களைப் பெருக்க ரசிகர்கள் ஒரு குழு வைத்து, என்ன சொல் தேவை, எப்படி இருக்கலாம் என்று எழுதி அனுப்பினார்கள். அவர் சிலவற்றை அப்படியே எடுத்தார், சிலவற்றைத் திருத்தினார், சிலவற்றை விட்டார்.

இதில் ரசிகர்கள் காட்டிய ஒழுங்கைச் சொல்லியாக வேண்டும். நாவிகளுக்குக் கைக்கு நாலு விரல், அதனால் எண்ணிக்கை எட்டெட்டாகப் போகும். எட்டுக்கு ‘வோல்’, எட்டெட்டு அறுபத்து நாலுக்கு ‘ஸம்’ என்று தனிச்சொல். நமக்கு ரவுண்டாகத் தெரியும் ‘நூறு’ அவர்கள் கணக்கில் ரவுண்டான எண்ணே இல்லை. இதை மறந்துவிட்டுச் சொல் போட்டால் அது நாவி உடம்புக்குப் பொருந்தாது. எல்ஃப், கிளிங்கான், நாவி ரசிகர்களின் மூன்று வழிகளில் எது சிறந்தது என்று கேட்டால் நான் இந்த நாவி வழியைத்தான் சொல்வேன்.

ஒரு மொழிக்கே சினிமாக் கம்பெனி உரிமை கொண்டாட முடியுமா?
(சட்ட மாணவர், சென்னை)

கொண்டாடிப் பார்த்தார்கள். ரசிகர்கள் எடுத்துவந்த ஆக்ஸனார் என்ற ஸ்டார் ட்ரெக் படத்தின் மீது, ஸ்டார் ட்ரெக்கின் உரிமையாளர்களான பாரமவுண்ட், சிபிஎஸ் நிறுவனங்கள் 2015 கடைசியில் வழக்குப் போட்டன. தங்களுக்குச் சொந்தமானவை என்று அவர்கள் காட்டியவற்றில் கிளிங்கான் மொழியும் இருந்தது. மொழி உருவாக்குகிறவர்களின் சங்கம் ஒன்று இடையில் புகுந்து, மொழி என்பது கருத்தைச் சொல்லும் வழிமுறை, அதை யாரும் உடைமையாக்க முடியாது என்று மனு கொடுத்தது. மனுவிலேயே கிளிங்கான் வரிகளை எழுதியிருந்தார்கள்! வழக்கு 2017 ஜனவரியில் சமரசத்தில் முடிந்துவிட்டதால் அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வரவில்லை. அகராதிப் புத்தகத்துக்கு உரிமை இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வாயிலிருந்து வரும் சொல்லுக்குக் கட்டணம் கேட்பது கூடாது.

நம்ம கிளிக்கியை வளர்க்கலாமா?
(பள்ளி மாணவர், சேலம்)

தாராளமாக. 2015இல் வந்த பாகுபலி படத்தின் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி உருவாக்கியது அது. படத்துக்கென்றே சுமார் 750 சொற்களும் நாற்பது இலக்கண விதிகளும் வைத்திருந்தார். பிறகு 2020இல், பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாளன்று, யாரும் கற்றுக்கொள்ளும்படி விரிவாக்கி வெளியிட்டார். ‘மின்’ என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டால் ‘நிம்’, நீ. இப்படிப்பட்ட உள்கட்டு விதிகளை முதலில் கண்டுபிடித்து எழுதி வையுங்கள், சொல் உருவாக்குவது அப்புறம். உருவாக்கியவர் நம் ஊரிலேயே இருக்கிறார் என்பது உங்களுக்குக் கிடைத்த வசதி, நாவிக்காரர்கள் மாதிரி பட்டியல் போட்டு அவருக்கே எழுதிக் கேளுங்கள்.

உலகில் எத்தனையோ உண்மையான மொழிகள் அழிந்துகொண்டிருக்கின்றன. இல்லாத இனத்தின் மொழிக்கு இத்தனை உழைப்பா? வெட்டி வேலை.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

உங்கள் கவலை நியாயமானது ஐயா. ஆனால் இந்த இரண்டு வேலையும் எதிரெதிரானவை இல்லை. கிளிங்கானை உருவாக்கிய ஓக்ராண்ட் 1977இல் முனைவர் பட்டத்துக்கு எழுதியது என்ன தெரியுமா? கலிஃபோர்னியாவின் பூர்வகுடி மொழியான மட்சனின் இலக்கணம். அதைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி 1930இல் இறந்துவிட்டார். பழைய பாதிரியார் ஒருவரும் பின்னால் வந்த ஒரு மொழி ஆய்வாளரும் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்துதான் ஓக்ராண்ட் அந்த இலக்கணத்தைக் கட்டினார். மட்சன் வம்சத்தினர் தங்கள் மொழியை மீண்டும் பேச முயன்றபோது அந்த இலக்கணம் அவர்களுக்குக் கைகொடுத்தது. நின்றுபோன மொழியை மறுபடி பேசத் தொடங்கும் யாருக்கும் முதலில் வரும் சிக்கல், காருக்கும் கணினிக்கும் என்ன சொல்வது என்பது. பழைய வேரைத் தேடுவது, ஓசை விதியைப் பார்ப்பது, எது பழைய குறிப்பில் உள்ளது, எது நாம் சேர்த்தது என்று பிரித்து எழுதுவது எல்லாம் அங்கேயும் உண்டு. ஒரு பள்ளிப் பிள்ளை க்வென்யாவுக்காக வேற்றுமை உருபு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டால், அது அந்தப் பிள்ளையிடம்தானே இருக்கப்போகிறது. அதை வெட்டி வேலை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சிண்டரினில் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இல்லாத சொற்களுக்கு என்ன செய்வது?
(வாசகி, கோவை)

முதலில் சுற்றி வளைத்துச் சொல்ல முடியுமா என்று பாருங்கள், ஹாம்லெட்டை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். முடியாவிட்டால் க்வென்யாவில் இணையான சொல் உண்டா என்று தேடுங்கள். இருந்தால் ஒலிமாற்ற விதிகளின்படி அது சிண்டரினில் எப்படித் திரிந்திருக்கும் என்று கணக்குப் போடலாம், டோல்கீனே இந்த இரு மொழிகளுக்கும் அப்படித்தான் உறவு வைத்திருக்கிறார். பீட்டர் ஜாக்சனின் படங்களுக்கு எல்ஃப் வசனம் எழுதிய டேவிட் சாலோவும் விட்டுப்போன இடங்களை நிரப்பித்தான் எழுத வேண்டியிருந்தது. அதனால் படத்தில் கேட்ட சொல்லை டோல்கீனின் சொல் என்று எடுத்துக்கொள்ளாமல், எங்கிருந்து வந்தது என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் நட்சத்திரக் குறி போட்டு, எந்த வேர், டோல்கீன் எந்த ஆண்டில் எழுதிய குறிப்பு, எந்த விதி என்று கதையின் கடைசியில் ஒரு பக்கம் சேருங்கள். அந்தப் பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள், இடம் இருந்தால் இங்கேயே போடுகிறேன்.