ஐந்து போதும், தம்பி

அன்புள்ள ஐயா,

லோரோங் கூலிட் சந்தையில் 70 வெள்ளிக்கு சவரக்கத்தி தீட்டும் சிறு கல், ஒரு பழைய பார்பர் ஹோன் வாங்கினேன். எழுத்து அழிந்துவிட்டது, மூன்று கோடுகள் மட்டும் தெரிகின்றன. ஸ்வாட்டி கல்லாக இருக்குமா? அன்றே தண்ணீர் விட்டு, தாத்தாவின் சவரக்கத்தியை 40 தடவை தீட்டினேன். முதல் சவரம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதில் முடியைப் பிடித்து இழுத்தது, எரிச்சல் வேறு. எண்ணெய் விட வேண்டுமா? ஜப்பான் கல் வாங்கிவிடலாமா? தாத்தாபோல் முடிதிருத்தும் கடையிலும் இந்தக் கத்தியையே பயன்படுத்த ஆசை.

ம., பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

தாத்தாவின் கத்தியை விற்காமல் வைத்திருக்கிறீர்களே, அதற்காகவே இந்தப் பதில். ஆனால் 40 தடவையா? கத்தியா தீட்டினீர்கள், மாவா அரைத்தீர்கள்?

ஸ்வாட்டியாக இருக்கலாம். 1879-இல் தொடங்கிய நிறுவனம், இன்றைய ஸ்லோவேனியாவின் மரிபோர் நகரத்துச் சரக்கு. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சவரம் செய்யப்போவது பெயர் இல்லை, கல்லின் மேற்பரப்பு. அதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

சந்தையில் வாங்கிய கல்லில் பழைய எண்ணெயும் சோப்பும் இரும்புத்தூளும் அப்பியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல்துலக்கியும் போதும். வெந்நீரில் ஊறவைக்காதீர்கள், தின்னர், ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். சில பழைய கற்களை அரக்கு வைத்துத்தான் இறுக்கியிருப்பார்கள், ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். கழுவியபின் காயும்போது உற்றுப் பாருங்கள். மற்ற இடம் உலர்ந்தும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது விரிசல்.

அடுத்தது சமன்படுத்துவது. தடித்த கண்ணாடிமேல் 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் ஒட்டவையுங்கள். கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுத் தேயுங்கள். 20 தேய்ப்புக்கு ஒருமுறை கல்லைத் திருப்பிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் கை அழுத்தம் ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். நடுவில் பென்சில் கோடு நின்றால் அங்கே குழி இருக்கிறது, நிறுத்தாதீர்கள். இந்தக் கற்கள் மகா கெட்டி. தாள் நாலைந்து போகும், தோளும் வலிக்கும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஓரங்களை ஒரு மில்லிமீட்டர் சரித்துவிடுங்கள்.

400-இல் நிறுத்துகிறவர்கள்தான் பிறகு கல்லைத் திட்டுகிறார்கள். புதிதாய்த் தேய்த்த பரப்பில் துகள்கள் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும், கத்தி விளிம்பைக் கீறும். 600, 1000, 2000 என்று ஏறிப் போங்கள். பிறகு ஒரு பழைய உளியின் தட்டைப் பக்கத்தை ஈரக்கல்லில் நூறு தடவை ஓட்டுங்கள், முள் அடங்கும். கண்ணாடிபோலப் பளபளத்து, கத்தி சும்மா வழுக்கினால் அதிகமாகிவிட்டது என்று பொருள். 1000 எண் தாளால் லேசாக எழுப்பிவிடுங்கள்.

இப்போது உங்கள் 40-க்கு வருகிறேன். பார்பர் ஹோன், மழுங்கிய கத்திக்குக் கூர் உண்டாக்கும் கல் இல்லை. கூர் சற்றே தளர்ந்த கத்தியை, வாடிக்கையாளர் நாற்காலியில் காத்திருக்கும்போதே தட்டி எழுப்பும் கல். சிறிய கல்தான், ஆனால் வேகமாக வெட்டும். விளிம்பு கூரான பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால், அது ஜிகினாத்தாள் மாதிரி மெலிந்து நீளும். முதல் சவரத்தில் அந்தத் தகடுதான் வழுக்கியது. பிறகு மடங்கி ஒடிந்தது, இரண்டாவதில் இழுத்தது. கல்லின் குற்றமில்லை, கையின் குற்றம்.

போய் வருவது ஒன்று என்றால், மூன்றிலிருந்து ஐந்து. முதுகும் விளிம்பும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும். விளிம்பு முன்னே போக வேண்டும், அடியில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக, ஏனென்றால் கல்லின் அகலத்தைவிடக் கத்தி நீளம். கத்தியின் எடை மட்டுமே அழுத்தம். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டுங்கள், விளிம்பின்மேல் உருட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். இரண்டு தடவைக்கு ஒருமுறை பெருவிரலின் ஈரத்தோலில் மெதுவாக வைத்துப் பாருங்கள். பிடித்தால் நிறுத்துங்கள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்ற ஆசைதான் கெடுக்கிறது.

எண்ணெய் வேண்டாம், சவர சோப்பு நுரை போதும். ஜப்பான் கல்லில் 8000 எண் ஒன்று கட்டாயம் வேண்டும், உங்கள் விளிம்பு கெட்டுவிட்டதே. தகட்டை நீக்க, கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் கத்தியை ஒரே ஒரு தடவை, எடையே இல்லாமல் இழுங்கள். 8000-இல் கூர் திரும்பும்வரை தீட்டுங்கள், ஹோனில் ஐந்து, துணியில் 20, தோல்பட்டையில் 50.

கடைக்கு வேண்டாம். ஹெப்படைட்டிஸ் பி ரத்தத்தில் பரவும், கத்தியைத் துடைத்தால் போகாது. அங்கே ஆளுக்கொரு பிளேடு மாட்டும் கத்திதான்.

பினாங்குக் கடற்காற்றில் சவரத்தைவிட துருதான் விளிம்பை அதிகம் அரிக்கும். துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள், குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள்.