ஐப்பசியில் கட்டிதட்டும் டயர் தூள்

மன்னார்குடிப் பக்கம் டயர் அரைக்கிறேன், ஐப்பசி வந்தா மூட்டைக்குள்ள தூள் கட்டிதட்டுது, ரோட்டுத் தாரில் அந்தத் தூளைக் கலக்குறவர் நுரைக்குதுன்னு திருப்பி அனுப்புறார்னு எழுதியிருந்தீங்க சார்.

நுரைக்கு ஈரம்தான் காரணம். 170 டிகிரி தாரில் தண்ணி பட்டா பொங்காம என்ன செய்யும்? நெல்லுக்கு வைக்கிற ஈரப்பத மீட்டர் இதுக்கு ஒத்துவராது. 100 கிராம் தூளை ஓவன்ல 105 டிகிரியில் ஒரு மணி நேரம் வச்சு மறுபடி எடை போடுங்க. 99 கிராமுக்குக் கீழே இறங்கினா அனுப்பாதீங்க.

டயருக்குள்ள தேங்குற மழைத்தண்ணி கவுத்தாலும் முழுசா வடியாது. பக்கச்சுவரை அறுத்துட்டு கூரைக்கடியில் காயப்போடுங்க. மிஷினிலிருந்து சூடா விழுறதை அப்படியே பிளாஸ்டிக் உறை போட்ட மூட்டையில் கட்டுறதுதான் பெரிய தப்பு, ஆறும்போது உள்ளேயே வியர்க்கும். தீப்பிடிக்கிற ஆபத்தும் உண்டு.

கட்டிதட்டாம இருக்க 100 கிலோவுக்கு 2–3 கிலோ கால்சியம் கார்பனேட் தூவலாம், வாங்குறவர் சம்மதிச்சா மட்டும். ஏன்னா தூளை எரிச்சா மிஞ்சுற சாம்பலோட சதவீதம் அதனால ஏறும்.