குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு: கனடாவில் பி.ஆர்., குடியுரிமை என்ன ஆகும்?

கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வைத்திருக்கும் உங்களுக்கு, போன வருடம் குடித்துவிட்டு ஓட்டியதற்கு அபராதம் மட்டும்தான் விதித்தார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அபராதத்தோடு முடிந்தது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 2018 டிசம்பர் 18 முதல் இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு சிறை. குடிவரவுச் சட்டம் பார்ப்பது அந்த உச்சவரம்பைத்தான். அதனால் இது ‘கடும் குற்றம்’ ஆகிவிடுகிறது, பி.ஆரே பறிபோகலாம்.

குடியுரிமைச் சட்டத்தின் கணக்கு வேறு. விண்ணப்பத்துக்கு முந்தைய 4 ஆண்டுகளில் ‘இண்டைட்டபிள்’ (கடுமையான குற்ற வழக்கு) முறையில் தண்டனை பெற்றிருந்தால் குடியுரிமை கிடைக்காது. ‘சம்மரி’ (சிறு குற்ற வழக்கு) முறையில் முடிந்திருந்தால் அந்தத் தடை இல்லை. எந்த முறை என்று நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டு, தீர்ப்பின் நகலை வாங்கி வையுங்கள்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: சிறையிலோ புரொபேஷனிலோ (நீதிமன்ற நன்னடத்தைக் கண்காணிப்பில்) இருந்த நாட்கள், குடியுரிமைக்கான வசிப்புக் கணக்கில் சேராது. விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். ஒரு வருட புரொபேஷன் என்றால் 365 நாள் போச்சு.

மறைக்க மட்டும் வேண்டாம். பிடிபட்டால் அதற்கே தனியாக 5 ஆண்டுத் தடை. விண்ணப்பத்தைத் தொடும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.